மார்டி க்ராவுக்கு முதல் பெரிய வேடம்: சட்டகம் முதல் இறகு வரை

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் தன்பாலீர்ப்பாளர் சங்கங்கள் மார்டி க்ரா திருவிழாவுக்காக நடத்தும் வேட விருந்து ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "அதைத் தூக்கிக்கொண்டு எப்படி நடக்கிறார்கள்?" என்பதுதான். ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு முதுகுக்குப் பின்னால் விரிந்த இறகு, தலையில் கிரீடம், காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. இத்தனையோடும் சிரித்துக்கொண்டே மேடையைச் சுற்றி வருவார்கள். அப்படி ஒரு வேடத்தை முதல் முறையாகக் கட்ட நினைப்பவர்களுக்கும், நண்பர் ஒருவரின் வேடத்துக்குக் கைகொடுக்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசையும் நேரத்தையும் இறகைத் தாங்கும் முதுகுச் சட்டகத்தில் போடுங்கள். இறகு கடைசியில் வரட்டும். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கடையில் இறகைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அப்புறம் அதை எதில் மாட்டுவது என்று யோசிக்கிறார்கள். இன்னொன்று, இந்த வேடங்களை யாரும் ஒற்றை ஆளாகக் கட்டி முடிப்பதில்லை. தெரிந்த ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

மார்டி க்ரா என்பது தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய். ஈஸ்டரை வைத்துக் கணக்கிடுவதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிப்ரவரி 3-க்கும் மார்ச் 9-க்கும் நடுவில் என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம். கொண்டாட்டப் பருவம் ஜனவரி 6 அன்றே தொடங்கிவிடும். நியூ ஆர்லியன்ஸில் இதை நடத்துபவை க்ரூ எனப்படும் சங்கங்கள். 1857-இல் கோமஸ், 1872-இல் ரெக்ஸ் என்று ஊரின் வசதியான வெள்ளைக்கார ஆண்கள் தொடங்கியவை அவற்றில் மூத்தவை. ஊர்வலம் ஒரு பக்கம் என்றால், அழைப்பிதழ் இருந்தால் மட்டுமே நுழைய முடிகிற நடன விருந்து இன்னொரு பக்கம். அந்த விருந்தில் ஒரு ராஜா, ஒரு ராணி, எல்லாவற்றையும் நடத்தும் கேப்டன், ஒரு கருவை எடுத்துக்கொண்டு மேடையில் காட்டும் காட்சிகள் என்று ஒரு ஒழுங்கு உண்டு. ராணியாக அமர்வது பெரிய குடும்பத்துப் பெண்.

1958-இல் சில தன்பாலீர்ப்பாளர் ஆண்கள் இந்தச் சடங்கை அப்படியே எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். யூகா என்பது அவர்களுடைய சங்கத்தின் பெயர். வீட்டுக்குள் நடந்த கேலி விருந்தாகத்தான் அது தொடங்கியது. அங்கும் ராஜா உண்டு, ராணி உண்டு; ராணி ஓர் ஆண். பெண் உடையில் ஆண் தெருவில் நடந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் காலம் அது. ஊரே வேடம் போடும் மார்டி க்ரா நாளில்தான் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. 1962-இல் யூகாவின் விருந்து பக்கத்து மாவட்டமான ஜெஃபர்சன் பாரிஷில் நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே புகுந்தது. ஏறக்குறைய நூறு பேர் கைதானார்கள். போட்ட அலங்காரத்தோடு காட்டுக்குள் ஓடியவர்களும் உண்டு. பர்பன் தெருவில் பார் நடத்திய டிக்ஸி ஃபாஸ்னாக்ட் என்ற பெண்மணி, கல்லாவில் இருந்த பணத்தையெல்லாம் வழித்தெடுத்து ஜாமீனுக்கு அனுப்பினார் என்று இன்றும் அங்கே சொல்வார்கள். யூகா அதோடு முடிந்துபோனது.

விருந்துகள் முடிந்துவிடவில்லை. 1961-இல் தொடங்கிய பெட்ரோனியஸ், மாநில அரசில் முறைப்படி பதிவு செய்துகொண்டது. பதிவு பெற்ற சங்கம், வாடகைக்கு எடுத்த பொது மண்டபம், கையில் அனுமதி என்று ஆனபின் போலீஸ் கதவை உடைப்பது எளிதாக இல்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒளிந்துகொள்வதற்குப் பதிலாக, ஊரின் பெரிய சங்கங்கள் எதைச் செய்தனவோ அதையே இன்னும் பிரமாண்டமாகச் செய்தார்கள். 1965-இல் ஆமன்-ரா, 1968-இல் ஆர்மீனியஸ், 1969-இல் அப்போலோ என்று வரிசையாக வந்தன. சால்மெட்டில் இருந்த செயின்ட் பெர்னார்ட் சிவிக் ஆடிட்டோரியத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக விருந்துகள் நடந்தன. மேடை பெரிதானதும் வேடமும் பெரிதானது. போன ஆண்டு அந்தச் சங்கம் ஆறடிக்குக் கட்டியதா, இந்த ஆண்டு நாங்கள் எட்டடி என்கிற ஆரோக்கியமான போட்டி. இன்று நாம் பார்க்கும் முதுகுச் சட்டகக் கலை அந்தப் போட்டியில்தான் வளர்ந்தது. அப்போலோவின் கிளைகள் லஃபாயெட், பேட்டன் ரூஜ் என்று பரவின. ஒலிம்பஸ் என்ற சங்கம் ஹூஸ்டனுக்கே குடிபெயர்ந்தது. 1998-இல் தொடங்கிய ம்விண்டோ, கறுப்பினத்தவரையும் வெள்ளையர் அல்லாத மற்றவர்களையும் முன்னிறுத்தியது.

தெருவுக்கும் ஒரு மேடை கிடைத்தது. பர்பன் தெருவில் க்ளோவர் கிரில் என்ற சிற்றுண்டிக் கடையை நடத்திய ஆர்தர் ஜேக்கப்ஸ் 1960-களில் தொடங்கிய பர்பன் ஸ்ட்ரீட் அவார்ட்ஸ் என்கிற வேடப் போட்டி, மார்டி க்ரா அன்று பகலில் இன்றும் நடக்கிறது. சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர்களும் அதில் ஏறலாம்.

அப்புறம் எய்ட்ஸ் வந்தது. 1980-களிலும் 90-களிலும் சில சங்கங்கள் உறுப்பினர்களை இழந்து இழந்தே கலைந்துபோயின. இறந்தவர்களோடு அவர்கள் கையில் இருந்த வித்தையும் போனது. மிச்சமிருந்த வேடங்களிலும் பலவற்றை 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் கொண்டுபோனது. அப்போது நகரத்தின் 80 சதவீதம் தண்ணீரில் நின்றது. தப்பியவற்றில் சிலவற்றை ஜாக்சன் சதுக்கத்தில் உள்ள பிரெஸ்பிடேர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நியூ ஆர்லியன்ஸ் போக முடிந்தால், வரைய உட்காரும் முன் அங்கே ஒரு நாள் செலவழியுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகுப்புறத்தை எப்படி மூடியிருக்கிறார்கள், தோள்பட்டைக்கும் இறகுக்கும் இடையில் உள்ள இடத்தை எதை வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படத்தில் தெரியாதது அதுதான்.

எங்கே போடப் போகிறீர்கள்?

மண்டபமா, தெருவா என்று முடிவு செய்யாமல் ஒரு கம்பிகூட வாங்காதீர்கள். இரண்டுக்கும் வேடம் வேறு.

மண்டப விருந்தில் காற்று இல்லை, மழை இல்லை, தரை சமம், விளக்கு உங்கள் மேல். நடக்க வேண்டிய தூரமும் குறைவு. அதனால் பெரிதாகக் கட்டலாம். ஆனால் சங்கத்தின் கருவுக்குள் உங்கள் வேடம் இருக்க வேண்டும், அந்தக் கரு விருந்து நாள் வரை வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் பாதி வேலையின் படத்தை நாலு பேருக்கு அனுப்புவது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும். புதியவர்கள் எடுத்த எடுப்பில் மேடையேறுவது அரிது. முதல் ஆண்டு இன்னொருவரின் வேடத்துக்கு உதவியாளராக இருப்பதுதான் வழக்கமான வாசல், அதைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை. சங்கங்கள் வேலை செய்ய டென் என்கிற கிடங்கு வைத்திருக்கும். அங்கே போய், "கல் ஒட்டத் தெரியும், கம்பி வளைக்கத் தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

தெருவில் காற்று இருக்கிறது. முதுகில் இருக்கும் இறகு விசிறி அதில் மாட்டினால் உங்களைப் பின்னால் இழுக்கும். கூட்டம் நெருக்கும். வெயிலும் வரும், தூறலும் வரும். முதல் தெரு வேடத்தை, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் வருகிற அகலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்துக்குப் பார்வையாளராகப் போகிறீர்கள் என்றால் டிக்கெட் உறுப்பினர்கள் வழியாகத்தான் வரும். ஆண்களுக்கு டக்ஸீடோ, பெண்களுக்குத் தரையைத் தொடும் கவுன் என்று உடை விதி கறாராக இருக்கும். வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பட்டுப்புடவை தரையைத் தொடும் முழு நீள உடைதான், என்றாலும் அழைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கட்டுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வேலை செய்யும் இடத்திலும் சொந்த வீட்டிலும் சொல்லிக்கொள்ளாத மனிதர்கள் இன்றைக்கும் அந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

கரு, வரைபடம், எடை

கரு கிடைத்ததும் வெறும் கறுப்பு நிழலாக வரையுங்கள். கல், சரிகை, முகம் எதுவும் வேண்டாம், வெளிக்கோடு மட்டும். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரிவது அது ஒன்றுதான். மயிலா, சூரியனா, கடல்கன்னியா என்று அந்த நிழலைப் பார்த்தே ஒருவர் சொல்லிவிட்டால் வரைபடம் சரி. சொல்லாவிட்டால், மேலே பத்தாயிரம் கல் வைத்தாலும் தேறாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நியூ ஆர்லியன்ஸில் மணியும் இறகும் வைத்துப் பிரமாதமான உடை தைக்கும் இன்னொரு மரபு இருக்கிறது. மார்டி க்ரா இந்தியன்ஸ் எனப்படும் கறுப்பின சமூகத்தவர் ஆண்டு முழுவதும் கையால் தைத்து உருவாக்குவது அது. அது அவர்களுடைய பரம்பரைச் சொத்து. அந்த வடிவத்தையும், அமெரிக்கப் பழங்குடியினரின் இறகு முடியையும் நகல் எடுக்காதீர்கள். எகிப்து, பூக்கள், ஆழ்கடல், பழைய சினிமா, வானம் என்று எடுத்தாள எத்தனையோ இருக்கின்றன.

பிறகு எடைக்கு ஒரு வரம்பு போடுங்கள். முதல் வேடத்துக்கு, தலையிலும் முதுகிலும் சேர்த்து 12 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது என் யோசனை. அனுபவசாலிகள் அதைப் போல மூன்று மடங்கு தூக்குவார்கள். சிலர் சட்டகத்துக்கு அடியில் சக்கரமே வைத்துவிடுவார்கள். அவர்களைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு எடை மெஷின் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் எடை போட்டு எழுதிவையுங்கள்.

சட்டகம்

பொய்க்கால் குதிரைக்காரர் குதிரைக் கூட்டைக் கையில் பிடித்துச் சுமப்பதில்லை; அது தோளில் தொங்கி இடுப்பைச் சுற்றி நிற்கிறது, கை ஆட்டத்துக்கு மிச்சமாகிறது. இங்கேயும் அதே தத்துவம்தான். எடை இடுப்பில் இறங்க வேண்டும், தோள் அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும், கழுத்துக்கும் கைக்கும் வேலையே இருக்கக் கூடாது.

இதற்கு மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும், வெளியே அலுமினியச் சட்டம் உள்ள பழைய முதுகுப்பையைவிடச் சிறந்த பொருள் இல்லை. பழைய சாமான் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பையைக் கழற்றி வீசிவிட்டு சட்டம், தோள் பட்டை, இடுப்பு பெல்ட் மூன்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு பெல்ட் இல்லாத சட்டத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்கிவிட்டு, தோள் பட்டைகளைத் தளர்த்திப் பாருங்கள். சட்டம் அப்படியே நின்றால் அளவு சரி.

அந்தச் சட்டத்தில், தோள்பட்டை உயரத்தில், 6 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை போல்ட் போட்டுப் பொருத்துங்கள். பலகையில் விசிறி போல ஐந்து அல்லது ஏழு குழாய்த் துண்டுகளை, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், கிளாம்ப் வைத்து இறுக்க வேண்டும். இவைதான் கூடு. இறகைத் தாங்கும் நீளமான கம்பிகள் இந்தக் குழாய்களுக்குள் செருகி நிற்கும். குழாயையும் கம்பியையும் சேர்த்துத் துளைபோட்டு, குறுக்கே ஒரு பின் செருகிப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் நீங்கள் திரும்பும்போது கம்பியும் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கம்பிகளுக்கு அலுமினியக் குழாயோ ஃபைபர்கிளாஸ் கோலோ போடலாம். ஃபைபர்கிளாஸ் லேசானது, நடக்கும்போது அழகாக அசையும். ஆனால் அறுக்கும்போது வரும் தூசி தோலிலும் நுரையீரலிலும் குத்தும்; கையுறை, மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள்.

செருகிக் கழற்றும்படி ஏன் கட்ட வேண்டும் என்றால், கதவு. அமெரிக்கக் கட்டடங்களில் ஒற்றைக் கதவு வழக்கமாக 36 அங்குல அகலம்தான். மண்டபத்தின் பின்வாசல், லிஃப்ட், மேடைப் படிக்கட்டு, உங்கள் வேன் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் சட்டகத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். முழுதாகக் கட்டி முடித்த வேடம் வீட்டு கராஜை விட்டு வெளியே வராமல் மாட்டிக்கொள்வது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற கூத்து.

இன்னும் ஒரு அலங்காரமும் ஏறாத இந்த மொட்டைச் சட்டகத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். இறகும் கல்லும் வரப்போகிற எடைக்குப் பதிலாக, கம்பிகளின் நுனியில் சின்னச் சின்ன மணல் பொட்டலங்களைக் கட்டிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், லேசாகக் குனிய வேண்டும். பின்னால் சாய்க்கிறதா? கம்பிகள் முதுகை விட்டு விலகி நிற்கின்றன என்று அர்த்தம். பலகையை உடம்போடு நெருக்குங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா? இரு பக்கமும் எடையைச் சமமாக்குங்கள். வலிக்கிற இடத்தில் ஸ்பாஞ்ச் வையுங்கள். இந்த நடையில் தெரியும் குறையை இப்போது அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். கல் ஒட்டிய பிறகு தெரிந்தால் அழுகைதான் வரும்.

தலை

தலைக் கிரீடத்துக்கு அடிப்படையாக, கட்டுமானத் தொழிலாளர்களின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் திருகி இறுக்குகிற பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தலைக்கும் பொருந்தும், நடுவில் நழுவினால் பின்பக்கம் ஒரு திருகு திருகினால் போதும். அதன் மேல் கம்பியிலோ இவிஏ ஃபோமிலோ வடிவம் கட்டலாம். ஃபோம் லேசானது, சாதாரண கட்டரால் வெட்டலாம், ஹீட் கன் காட்டினால் வளையும். எடை காதுகளுக்கு நேர் மேலே விழ வேண்டும். முன்னால் விழுந்தால் நெற்றி வலி, பின்னால் விழுந்தால் கழுத்து வலி. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகும் எந்தப் பாகத்தையும் தலையிலிருந்து எடுத்து முதுகுச் சட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள். முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு அது தலையிலிருந்து எழுவது போலத்தான் தெரியும்.

துணி, ஜமிக்கி, கல்

துணி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தையல் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. உலோகம் போல மின்னும் லாமே துணி நூல் நூலாகப் பிரியும். வெட்டுவதற்கு முன் பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ் இஸ்திரி போட்டுவிடுங்கள். ஜமிக்கித் துணியில் தையல் விழும் ஓரத்தில் உள்ள ஜமிக்கிகளை எடுத்துவிட்டுத்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி உடையும், ஓரமும் தோலை அறுக்கும்.

கல்லில்தான் புதியவர்கள் காசை இழக்கிறார்கள். கண்ணாடிக் கல்லின் ஜொலிப்பு அக்ரிலிக்குக்கு வராது, உண்மைதான். ஆனால் எடை, விலை இரண்டுமே பல மடங்கு. நான் சொல்வது: முகத்துக்குப் பக்கத்தில், அதாவது கழுத்தணி, நெற்றி, மார்பு ஆகிய இடங்களில் கண்ணாடி, சட்டகத்தில் பெரிய அக்ரிலிக் கல். தூரத்தில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் கைவேலைக்கான உதிரிக் கற்களை விற்பதை 2021-இல் நிறுத்திவிட்டதால், இப்போது நல்ல கண்ணாடிக் கல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் செக் நாட்டு ப்ரெசியோசாவுக்குப் போகிறார்கள்.

ஒட்டும் முறை இது. கற்களை ஓரம் உயர்ந்த தட்டில் கொட்டி லேசாகக் குலுக்குங்கள். பெரும்பாலானவை முகம் மேலே பார்த்து உட்கார்ந்துவிடும். நுனியில் மெழுகு உள்ள பென்சிலால் தொட்டால் கல் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் பெரிய கற்களை இடம்விட்டு வையுங்கள், நடுவில் உள்ள இடைவெளியைச் சின்னக் கற்களால் நிரப்புங்கள். ஆரி வேலை செய்கிறவர்கள் குந்தன் பதிக்கும் ஒழுங்கும் ஏறக்குறைய இதுதான். பசைக்கு ஈ6000 போன்ற ரப்பர்த் தன்மையுள்ளது நல்லது. உடம்பு அசைந்தாலும் கல் உதிராது. ஆனால் அதன் நெடி உடம்புக்குக் கெடுதல், ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள். முழுதாக இறுக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அவசரத்துக்கு குளூ கன் எடுத்துக் கல் ஒட்டுகிறவர்கள் உண்டு. வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அந்தப் பசை இளகி, விருந்து நாளில் கல் எல்லாம் தரையில் கிடக்கும்.

எந்தப் பகுதி முடிந்தாலும் அறை விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் டார்ச்சைத் தூரத்திலிருந்து அடித்துப் பாருங்கள். இருட்டாகவே இருக்கும் இடங்கள் அப்போது தெரியும்.

இறகு

இப்போதுதான் இறகுக் கடைக்குப் போக வேண்டும்.

அடர்த்திக்கு நெருப்புக்கோழி இறகு, நீளத்துக்கும் கூர்மைக்கும் ஃபெசன்ட் பறவையின் வால், இடத்தை நிரப்பவும் சட்டகத்தை மறைக்கவும் சேவல் இறகும் வான்கோழி இறகும். நெருப்புக்கோழி இறகு பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் அவுட்ஸ்ஹூர்ன் பகுதிப் பண்ணைகளிலிருந்து வருகிறது, விலையும் அதற்கேற்றபடிதான். காட்டில் பொறுக்கிய இறகு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி, பெரும்பாலான உள்நாட்டுக் காட்டுப் பறவைகளின் கீழே விழுந்த இறகை வைத்திருப்பதே குற்றம். நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயில் இறகை இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. ஊருக்குப் போய்வருகிறவரிடம் சொல்லி சூட்கேஸில் வரவழைக்காதீர்கள்.

கடையில் வாங்கும் ஒற்றை நெருப்புக்கோழி இறகு பார்க்கச் சோனியாக இருக்கும். மேடையில் கொழுகொழுவென்று தெரிபவை ஒற்றை இறகுகளே இல்லை. இரண்டு மூன்று இறகுகளைச் சேர்த்துக் கட்டியவை. ஒரே அளவில் மூன்றை எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, வளைவு ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்குங்கள். நடுத்தண்டுகளுக்கு இடையில், நுனிக்கு நாலு விரல்கடை கீழே வரை எட்டும்படி மெல்லிய கம்பியை வையுங்கள். இறகின் நிறத்தில் நூல் எடுத்து, அடியிலிருந்து மேலே விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சாகத் தண்டோடு தண்டு சேர்த்துக் கட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் சிக்கிய மயிரிழைகளை ஊசி முனையால் வெளியே எடுத்துவிட வேண்டும். பொறுமை இங்கேதான் தேவைப்படும். முடிந்ததும் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடி காட்டி உதறினால் மூன்றும் ஒன்றாகப் பூத்து நிற்கும். நுனி சுருள வேண்டுமென்றால், ஆவி காட்டிய சூட்டோடு மழுங்கிய கத்தியின் விளிம்பில் இழைகளை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல இழுங்கள். உள்ளே வைத்த கம்பியால் எந்தக் கோணத்திலும் வளைத்து நிறுத்தலாம்.

ஃபெசன்ட் வால் நீளமானது, சட்டென்று முறியும். அதை நேராகப் பசை போட்டு ஒட்டாதீர்கள். தண்டின் அடியில் கம்பியைச் சேர்த்து டேப் சுற்றி, சட்டகத்தில் முன்கூட்டியே கட்டிவைத்த பிளாஸ்டிக் ஸ்ட்ரா துண்டுக்குள் செருகுங்கள். பயணத்தில் உருவி எடுத்துத் தனியாகக் கொண்டுபோகலாம், ஒன்று முறிந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

நிறம் கிடைக்கவில்லை என்றால் வெள்ளை வாங்கிச் சாயம் போடலாம். இறகும் பட்டும் கம்பளியும் புரதம்தான், அதனால் பட்டுக்குப் போடுகிற ஆசிட் சாயமும் வினிகரும் இறகுக்கும் பிடிக்கும். நனைந்த இறகு பரிதாபமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் காட்டி அசைத்துக்கொண்டே இருந்தால் பழையபடி எழுந்துவிடும்.

மாட்டும்போது பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வாருங்கள், உயரமானது பின்னால். கடைசியாக, முதுகுப்புறம். மேடையில் நீங்கள் திரும்பத்தான் போகிறீர்கள்; பலகையும் போல்ட்டும் தெரிகிற முதுகு, முன்னால் செய்த அத்தனை வேலையையும் கெடுத்துவிடும். ஒரு மெல்லிய ஃபோம் மூடியில் துணி போர்த்தி அங்கே ஒட்டுங்கள்.

ஒத்திகையும் அந்த நாளும்

செருப்பை இரண்டு மாதம் முன்பே வாங்கி, பாத்திரம் கழுவும்போதும் டிவி பார்க்கும்போதும் போட்டுப் பழகுங்கள். பெரிய அளவு ஹீல்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்காது, தேட நேரம் பிடிக்கும். முழு வேடத்தோடு குறைந்தது இரண்டு ஒத்திகை வேண்டும். அதில் ஒன்று படிக்கட்டில். வேடம் போட்டபின் உட்கார முடியாது என்பதால், நின்றபடி சாய்ந்துகொள்ள ஒரு உயரமான ஸ்டூலோ மேசை விளிம்போ பார்த்துவையுங்கள்.

அன்றைக்கு உங்களோடு ஒருவர் கூடவே இருக்க வேண்டும், வேடத்தை மாட்டிவிட, கதவில் இறகைத் தாழ்த்திப் பிடிக்க, ஸ்ட்ராவில் தண்ணீர் கொடுக்க. அவர் பையில் என்னென்ன வேண்டும் என்றால்: குளூ கன், கேபிள் டை, சேஃப்டி பின், கறுப்பு டேப், ஊசி நூல், மிச்சமான கல், மாற்று பேட்டரி, ஐஸ் பேக், வலி மாத்திரை. சிகரெட்டும் மெழுகுவர்த்தியும் உள்ள பக்கம் போகாதீர்கள். இறகும் ஃபோமும் ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். கழிவறைக்கு முதலிலேயே போய்வந்துவிடுங்கள்.

மேடையில் அவசரமே வேண்டாம். புதியவர்கள் பயத்தில் விறுவிறுவென்று நடந்து முடித்துவிடுகிறார்கள். விளக்கு உங்கள் மேல் விழுந்ததும் நில்லுங்கள், மூன்று மூச்சு எடுங்கள், பார்க்கட்டும். பிறகு நடங்கள். திரும்பும்போது தலையை மட்டும் திருப்பாமல் காலிலிருந்து மொத்த உடம்பையும் திருப்புங்கள். சட்டகம் அரை நொடி தாமதித்துத்தான் வரும், அதற்கு இடம் கொடுங்கள்.

முடிந்த பிறகு

மறுநாள் சோர்வில் எல்லாவற்றையும் மூலையில் போட்டுவிடத் தோன்றும். வியர்வை காய்ந்த துணியை மட்டுமாவது அன்றே காற்றில் போடுங்கள். இறகை நசுக்காமல் நீளமான அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, பூச்சி வராமல் தேவதாரு மரத்துண்டோ அந்துருண்டையோ துணியில் முடிந்து உள்ளே போட்டு, மாடியிலோ உயரமான அலமாரியிலோ வையுங்கள். தரையோடு வைக்க வேண்டாம் என்பதை 2005-க்குப் பிறகு அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேடத்தை முன், பின், பக்கவாட்டு என எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். மொட்டைச் சட்டகத்தையும் படம் எடுங்கள். யார் வரைந்தார், யார் கம்பி வளைத்தார், யார் கல் ஒட்டினார், எந்த ஆண்டு, எந்தக் கரு என்று எழுதி அந்தப் படத்தோடு சங்கத்திடம் ஒரு பிரதி கொடுங்கள். எய்ட்ஸ் காலத்தில் இறந்தவர்களின் வேடங்கள் சிலவற்றுக்குப் படம் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. சம்மதம் இல்லாதவர்களின் பெயரைப் பொதுவெளியில் போடாமல், குறிப்பாக மட்டும் காத்துவைக்கலாம்.

சட்டகம் பல ஆண்டு உழைக்கும். அடுத்த ஆண்டு நீங்கள் போடவில்லை என்றால் முதல் முறை கட்டுகிற ஒருவருக்கு அதைக் கொடுங்கள். இடுப்பு பெல்ட்டை அவர் அளவுக்கு மாற்றப் பத்து நிமிடம் போதும். குழாய்களுக்கு எண் போட்டு வைத்திருந்தால் எந்தக் கம்பி எதில் செருகும் என்று கேட்டு உங்களுக்கு ஃபோன் வராது.